டேல்ஸ் ஃப்ரம் டோபோகிராஃபிக் ஓஷன்ஸ்: ஓர் இசைத்தொகுப்பும் ஐம்பதாண்டு விவாதமும்

டேல்ஸ் ஃப்ரம் டோபோகிராஃபிக் ஓஷன்ஸ் (1973) இங்கிலாந்தைச் சேர்ந்த யெஸ் என்னும் ராக் இசைக்குழுவின் ஆறாவது ஸ்டுடியோ இசைத்தொகுப்பு. இரண்டு இசைத்தட்டுகள், நான்கு பக்கங்கள், பக்கத்துக்கு ஒன்றாக நான்கே படைப்புகள் என்பது இதன் அமைப்பு. மொத்த நீளம் ஏறத்தாழ 81 நிமிடங்கள். பரமஹம்ச யோகானந்தரின் தன்வரலாற்று நூலில் உள்ள ஓர் அடிக்குறிப்பிலிருந்து இதன் கரு பிறந்தது. புரோகிரசிவ் ராக் இசையின் உச்சம் என்று ஒரு சாராரும், அந்த இசை தன் எல்லையை மீறிச் சரிந்த இடம் என்று மற்றொரு சாராரும் இதைச் சொல்லிவந்துள்ளனர். வெளிவந்து ஐம்பது ஆண்டுகள் கடந்தும் ரசிகர்களிடையே இந்த விவாதம் முடியவில்லை. இசையின் தரத்தோடு, அது எந்தச் சூழலில், எந்த வடிவில் கேட்கப்பட்டது என்பதும் இந்தக் கருத்துகளைத் தீர்மானித்துவந்திருக்கிறது.

பின்புலம்

1960-களின் இறுதியில் இங்கிலாந்தில் உருவான ராக் இசைப் போக்கு புரோகிரசிவ் ராக் எனப்படுகிறது. மூன்று நிமிடப் பாடல் என்ற வழக்கத்தை இது விட்டது. மேலை செவ்வியல் இசை, ஜாஸ், நாட்டுப்புற இசை ஆகியவற்றின் கூறுகளை ராக் இசைக்குள் கொண்டுவந்தது. தமிழில் ‘முற்போக்கு’ என்ற சொல்லுக்கு உள்ள அரசியல் பொருள் இதற்கு இல்லை. இசை வடிவத்தில் முன்னோக்கிச் செல்வது என்பதே இங்கு பொருள். கிங் கிரிம்சன், ஜெத்ரோ டல், ஜெனிசிஸ், எமர்சன் லேக் அண்ட் பாமர், பிங்க் ஃபிளாய்ட் ஆகியவை இப்போக்கின் முக்கியமான குழுக்கள்.

இதே காலத்தில் கருப்பொருள் இசைத்தொகுப்பு என்ற வடிவமும் வளர்ந்தது. தனித்தனிப் பாடல்களைச் சேர்த்து அளிக்காமல், ஒரு கதையையோ எண்ணத்தையோ முழுத் தொகுப்பிலும் விரித்துச் சொல்வது இந்த வடிவம். தி ஹூ குழுவின் டாமி (1969) ஒரு சிறுவனின் கதையை இரண்டு இசைத்தட்டுகளில் சொன்னது. ஜெத்ரோ டல் குழுவின் திக் ஆஸ் எ பிரிக் (1972) இசைத்தட்டின் இரு பக்கங்களையும் ஒரே பாடலால் நிரப்பியது.

யெஸ் குழுவை 1968-இல் லண்டனில் பாடகர் ஜான் ஆண்டர்சனும் பேஸ் கித்தார் கலைஞர் கிறிஸ் ஸ்கொயரும் தொடங்கினர். கித்தார் கலைஞர் ஸ்டீவ் ஹவ் 1970-இலும், கீபோர்டு கலைஞர் ரிக் வேக்மன் 1971-இலும் இணைந்தனர். 1972-இல் வெளிவந்த குளோஸ் டு தி எட்ஜ் குழுவுக்குப் பெரும்புகழ் தந்தது. ஹெர்மன் ஹெஸ்ஸேயின் சித்தார்த்தா நாவலின் தாக்கம் கொண்ட அதன் தலைப்புப் படைப்பு ஏறத்தாழ 18 நிமிடங்கள் நீண்டு, இசைத்தட்டின் ஒரு பக்கத்தை முழுமையாக நிறைத்தது. ரசிகர்கள் அதை மனமுவந்து ஏற்றனர். ஒரு பக்கம் இசைக்க முடியுமானால் நான்கு பக்கங்கள் ஏன் கூடாது என்ற துணிவு குழுவுக்கு வந்தது அதற்குப் பிறகுதான். அந்தத் தொகுப்பின் பதிவு முடிந்ததும் டிரம்ஸ் கலைஞர் பில் புரூஃபோர்ட் விலகிக் கிங் கிரிம்சனில் சேர்ந்தார். அவரிடத்துக்கு ஆலன் வொயிட் வந்தார்.

அடிக்குறிப்பிலிருந்து இசைக்கு

1973 மார்ச் மாதத்தில் பில் புரூஃபோர்டின் திருமண விருந்து நடந்தது. அங்கு ஆண்டர்சன், கிங் கிரிம்சனின் தாளக்கருவிக் கலைஞர் ஜேமி மியூரைச் சந்தித்தார். மியூர் ஆன்மிக நாட்டம் கொண்டவர். பின்னர் இசையுலகை விட்டுப் பௌத்த மடாலயம் ஒன்றில் வாழச் சென்றவர். அவர்தான் யோகானந்தரின் நூலை ஆண்டர்சனுக்கு அறிமுகப்படுத்தினார்.

யோகானந்தர் (1893–1952) கோரக்பூரில் பிறந்து, 1920-இல் அமெரிக்கா சென்று, அங்கு யோக நெறியைப் பரப்பியவர். அவருடைய தன்வரலாறு ஆங்கிலத்தில் 1946-இல் வெளிவந்தது. 1935-இல் இந்தியா வந்தபோது திருவண்ணாமலையில் ரமண மகரிஷியைச் சந்தித்தது பற்றியும் அதில் எழுதியிருக்கிறார். இந்நூல் ஒரு யோகியின் சுயசரிதம் என்ற பெயரில் தமிழிலும் கிடைக்கிறது. மேலை நாட்டு இசைக்கலைஞர்களிடம் இந்நூல் முன்பே பரவியிருந்தது. பீட்டில்ஸ் குழுவின் 1967-ஆம் ஆண்டுத் தொகுப்பான சார்ஜன்ட் பெப்பர்ஸ் அட்டைப்படத்தில் யோகானந்தரின் உருவமும் அவருடைய குரு மரபினரின் உருவங்களும் இடம்பெற்றுள்ளன.

யெஸ் குழு ஜப்பானில் இசைப்பயணம் மேற்கொண்டிருந்தபோது, டோக்கியோ விடுதி அறையில் ஆண்டர்சன் இந்நூலைப் படித்தார். 83-ஆம் பக்கத்தில் இருந்த நீண்ட அடிக்குறிப்பு தன்னைப் பிடித்துக்கொண்டதாகத் தொகுப்பின் முன்னுரையில் அவரே குறிப்பிட்டுள்ளார். இந்தியச் சாத்திரங்கள் சுருதி, ஸ்மிருதி, புராணம், தந்திரம் என நான்கு வகைப்படும் என்பதை விளக்கும் குறிப்பு அது. நான்கு வகைக்கு நான்கு பக்கங்கள் என்ற திட்டம் அங்கு உருவானது.

ஆண்டர்சனும் ஸ்டீவ் ஹவும் பயணம் நெடுக விடுதி அறைகளில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அமர்ந்து இசைத் துணுக்குகளைக் கோத்தனர். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் உள்ள சவானா நகரில், இரவு முழுவதும் நீண்டு காலை ஏழு மணிக்கு முடிந்த ஒரு அமர்வில் நான்கு பகுதிகளின் வரைவும் முழுமை பெற்றது. கருவும் வரைவும் இருவருடையவை. மற்ற மூவரும் அதன்பின்பே உள்ளே வந்தனர். பின்னாளில் குழுவுக்குள் எழுந்த மனக்கசப்பின் வேர் இந்த இடத்தில் இருக்கிறது.

ஒலிப்பதிவு

தொகுப்பை எங்கே பதிவுசெய்வது என்பதிலேயே கருத்து வேறுபாடு தோன்றியது. கிராமப்புறத்தில், இயற்கைச் சூழலில் பதிவுசெய்ய வேண்டும் என்பது ஆண்டர்சனின் விருப்பம். மற்றவர்களில் சிலர் லண்டனை விரும்பினர். முடிவில் லண்டனின் வில்ஸ்டன் பகுதியில் இருந்த மோர்கன் ஒலிப்பதிவுக் கூடம் தேர்வானது. கிராமத்துக்குப் போக முடியாத குறையைத் தீர்க்கக் கூடத்துக்குள் வைக்கோல் கட்டுகளும் மர வேலிகளும் அட்டையில் வெட்டிய பசுவும் வைக்கப்பட்டன. குளியலறையில் பாடும்போது எழும் எதிரொலி வேண்டும் என்று ஆண்டர்சன் கேட்டதால், ஓடுகள் பதித்த சிறு அமைப்பு ஒன்றும் செய்யப்பட்டது.

எடி ஆஃபர்ட் குழுவுடன் இணைந்து தயாரிப்பையும் ஒலிப்பதிவையும் கவனித்தார். 1973 கோடையில் தொடங்கிய வேலை இலையுதிர்காலம் வரை நீடித்தது. வேக்மனுக்கு இசை தன் கைக்குள் வராததுபோலத் தோன்றியது. அக்காலத்தில் தான் பெரும்பாலும் கூடத்தின் மதுக்கடையில் டார்ட்ஸ் விளையாடிக்கொண்டிருந்ததாக அவர் பிறகு சொல்லியிருக்கிறார். அதே வளாகத்தில் பிளாக் சபாத் குழுவும் பதிவில் இருந்தது. அவர்களுடைய பாடல் ஒன்றுக்கு அவர் கீபோர்டு வாசித்துக்கொடுத்தார்.

நான்கு பக்கங்கள்

தொகுப்பின் நான்கு படைப்புகளும் நான்கு சாத்திர வகைகளைப் பின்பற்றுகின்றன. அப்பெயர்களின் சொற்பொருளே ஆங்கிலத் தலைப்புகளாக மாறியிருப்பதை இந்திய வாசகர் எளிதில் காணலாம்.

முதல் பக்கம் தி ரிவீலிங் சயின்ஸ் ஆஃப் காட். இது சுருதிக்கு உரியது. சுருதி என்றால் கேட்கப்பட்டது. வேதத்தைத் தமிழில் எழுதாக்கிளவி என்பதும் இக்கருத்திலேயே. இப்படைப்பு வாத்தியங்கள் அதிகம் இல்லாமல், மந்திரம் ஓதுவதுபோன்ற குரலில் தொடங்கி மெல்ல விரிகிறது. நீளம் ஏறத்தாழ 20 நிமிடங்கள்.

இரண்டாம் பக்கம் தி ரிமெம்பரிங். ஸ்மிருதி என்பதற்கு நினைவிலிருந்து சொல்லப்பட்டது என்று பொருள். கடலலைபோல் ஏறி இறங்கும் மெதுவான இசை இதில் உள்ளது. வேக்மனின் மெல்லட்ரான் கருவி இதில் மிகுதியாக ஒலிக்கிறது.

மூன்றாம் பக்கம் தி ஏன்ஷியன்ட். புராணம் என்ற சொல்லுக்குப் பழமையானது என்பதே பொருள். நான்கில் மிகக் கடினமான பகுதி இது. தாளக்கருவிகளும் ஹவின் ஸ்டீல் கித்தாரும் முரடாக மோதிக்கொள்ளும் முன்பகுதியில், சூரியனுக்குப் பல மொழிகளில் வழங்கும் பெயர்கள் பாடப்படுகின்றன. இறுதியில் இசை திடீரென்று அடங்கி, செவ்வியல் கித்தாரும் குரலும் மட்டும் கொண்ட எளிய பாடலாக மாறுகிறது.

நான்காம் பக்கம் ரிச்சுவல். தந்திரம் இங்கு சடங்கு என்ற பொருளில் கொள்ளப்பட்டது. ஏறத்தாழ 21 நிமிடங்கள் நீளும் இதில் ஸ்கொயரின் பேஸ் கித்தாருக்குத் தனி இடமும், அதன்பின் பெரும் தாளக்கருவிப் பகுதியும் உண்டு. மேடையில் பாடகரும் பேஸ் கலைஞரும் ஆலன் வொயிட்டுடன் சேர்ந்து தாளக்கருவிகளை முழக்கினர்.

இந்த நான்கு பாகுபாட்டைச் சாத்திர ஆய்வாகக் கொள்ள இயலாது. புராணங்களை ஸ்மிருதிக்குள் அடக்குவதும் மரபில் உண்டு. ஆண்டர்சன் இந்நூல்களைக் கற்றவரும் அல்லர். ஓர் அடிக்குறிப்பின் நான்கு சொற்கள் அவருக்குத் தூண்டுதலாக அமைந்தன. இசையும் இந்திய இசை அன்று. ஜார்ஜ் ஹாரிசன் 1967-இல் சிதாரையும் தபலாவையும் கொண்டு பாடல் அமைத்ததுபோல ராகத்தையோ தாள முறையையோ யெஸ் பின்பற்றவில்லை. ராக் இசையும் மேலை செவ்வியல் இசையின் பெருவடிவமும் சேர்ந்ததே இதன் உடல்.

அட்டைப்படத்தை ரோஜர் டீன் வரைந்தார். கடலடி நிலமும் வறண்ட நிலமும் ஒன்றாகத் தோன்றும் காட்சி அது. மீன்கள் மிதக்கின்றன. பின்னணியில் மெக்சிகோவின் சிச்சென் இட்சாவில் உள்ள மாயன் கோயில் தெரிகிறது. இங்கிலாந்தின் புகழ்பெற்ற பாறைகளும், பெரு நாட்டின் நாஸ்கா சமவெளிக் கோடுகளும் அதில் உள்ளன.

முதல் கேட்பவர்கள்

இத்தொகுப்பைப் பலர் இசைத்தட்டில் கேட்பதற்கு முன் அரங்கில் கேட்டனர். 1973 நவம்பரில் குழு இங்கிலாந்தில் இசைப்பயணம் தொடங்கியது. லண்டன் ரெயின்போ அரங்கில் ஐந்து இரவுகள் நிகழ்ச்சி நடந்தது. தொகுப்போ டிசம்பரில்தான் கடைக்கு வந்தது. முதற்பகுதியில் குளோஸ் டு தி எட்ஜ் தொகுப்பின் படைப்புகளை இசைத்துவிட்டு, அதன்பின் புதிய தொகுப்பின் 80 நிமிடங்களையும் முழுமையாகக் குழு இசைத்தது. மேடையை ரோஜர் டீனும் அவருடைய சகோதரர் மார்ட்டின் டீனும் கண்ணாடியிழைச் சிற்பங்களால் அமைத்திருந்தனர்.

ராக் ரசிகர்கள் பொதுவாக அரங்குக்கு வருவது தாம் அறிந்த பாடல்களைக் கேட்கவே. பழகிய ஒரு தொடக்கம் காதில் விழுந்ததும் எழும் ஆரவாரத்தில்தான் நிகழ்ச்சி சூடுபிடிக்கும். இங்கோ பெரும்பாலோர் ஒருமுறைகூடக் கேட்டிராத இசை ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல் ஓடியது. எங்கே ஒரு பகுதி முடிகிறது, எங்கே கைதட்டலாம் என்பதுகூடப் புரியாத நிலை. சிலர் மயங்கினர், சிலர் பொறுமை இழந்தனர். பின்னர் தொகுப்பின் மீது ஒட்டிக்கொண்ட ‘நீளம்’ என்ற குற்றச்சாட்டு அந்த அரங்குகளில் தொடங்கியது.

ஆனால் விற்பனை வேறு கதை சொல்லியது. இங்கிலாந்துப் பட்டியலில் தொகுப்பு முதலிடம் பிடித்தது. 1974 ஜனவரியில் அமெரிக்காவில் வெளிவந்தபோது ஆறாம் இடம் வரை சென்றது. இரு நாடுகளிலும் தங்கத்தட்டுச் சான்று பெற்றது. 1974 தொடக்கத்தில் நியூயார்க் மாடிசன் ஸ்கொயர் கார்டனில் இரண்டு நிகழ்ச்சிகள் நடந்தன. அமெரிக்கப் பயணத்தின் போக்கில் இரண்டாம் பக்கப் படைப்பு நிகழ்ச்சியிலிருந்து நீக்கப்பட்டது. அவையோரின் சோர்வைக் குழுவும் உணர்ந்திருந்தது என்பதற்கு இது சான்று.

விமர்சகர்கள்

விமர்சகர்களில் பலர் கடுமையாக எழுதினர். மெலடி மேக்கர் இதழின் கிறிஸ் வெல்ச் யெஸ் குழுவைத் தொடக்க காலம் முதல் ஆதரித்தவர். அவரே இத்தொகுப்பில் தயங்கினார். சில இடங்கள் ஒளிர்கின்றன, ஆனால் சொல்ல வந்ததைச் சொல்ல மிக அதிக நேரம் எடுத்துக்கொள்கிறது, உணர்ச்சியின் வெம்மை குறைவு என்பது அவர் கருத்தின் சாரம். அமெரிக்காவின் ரோலிங் ஸ்டோன் இதழில் கார்டன் ஃபிளெட்சர் எழுதிய மதிப்புரையும் சாதகமாக இல்லை.

இதே நிலை அவ்வாண்டு வேறொரு தொகுப்புக்கும் ஏற்பட்டிருந்தது. ஜெத்ரோ டல் 1973 கோடையில் வெளியிட்ட எ பேஷன் பிளே, இறந்த ஒருவரின் மறுவுலகப் பயணத்தை ஒரே நீண்ட படைப்பாகச் சொன்னது. விமர்சகர்கள் அதைச் சாடினர். ஆனால் அது அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. பத்திரிகை மதிப்புரைக்கும் ரசிகரின் வாங்கும் கைக்கும் இடையே விரிசல் விழுந்த ஆண்டு என்று 1973-ஐச் சொல்லலாம். இதழாளர் வாரந்தோறும் பல இசைத்தட்டுகளைக் கேட்டு எழுதவேண்டியவர். 81 நிமிட இசையைப் பத்து முறை கேட்க அவருக்கு நேரம் இல்லை. காசு கொடுத்து இரட்டை இசைத்தட்டு வாங்கிய இளைஞருக்கோ மாதக்கணக்கில் அது ஒன்றே துணையாக இருந்தது. இருவரும் வேறுவேறு தீர்ப்புக்கு வந்ததில் வியப்பில்லை.

குழுவுக்குள் எழுந்த எதிர்ப்பு

இத்தொகுப்பின் மிகப் புகழ்பெற்ற எதிர்ப்பாளர் அதில் வாசித்தவரே. ரிக் வேக்மனின் வாதம் எளிமையானது. கையில் இருந்த இசை ஓர் இசைத்தட்டுக்கு அதிகம், இரண்டு இசைத்தட்டுக்குக் குறைவு. எனவே இடத்தை நிரப்ப நீட்டினார்கள் என்பது அவர் கூற்று. நல்ல பகுதிகள் இருப்பதை அவர் மறுக்கவில்லை. அவை நீட்டலில் புதைந்துபோனதே அவரது குறை.

இதை விளக்கும் நிகழ்ச்சி ஒன்றை வேக்மன் பலமுறை சொல்லியிருக்கிறார். மான்செஸ்டர் ஃப்ரீ டிரேட் அரங்கில் நிகழ்ச்சி நடந்துகொண்டிருந்தது. அவர் வாசிக்க வேண்டிய இடங்கள் குறைவாக இருந்தன. கீபோர்டுக்கு அடியில் இருந்த உதவியாளர், நிகழ்ச்சி முடிந்ததும் என்ன சாப்பிட வேண்டும் என்று கேட்டார். வேக்மன் கோழி வின்டலூவும் அப்பளமும் இன்னும் சிலவும் கேட்டார். உதவியாளர் அப்போதே போய் வாங்கிவந்துவிட்டார். பொட்டலம் மேடைக்கு வந்து சேர்ந்தது. கீபோர்டுகளின் மேல் பரப்பிவைத்து அவர் சாப்பிடத் தொடங்க, குழம்பின் மணம் அரங்கில் பரவியது. இந்தியச் சாத்திரங்களை இசைத்துக்கொண்டிருந்த மேடையில் இந்தியக் குழம்பு சாட்சியாக அமர்ந்துகொண்டது. இத்தொகுப்பைக் கேட்டிராதவர்கள்கூட இந்தக் கதையைக் கேட்டிருக்கிறார்கள். ஒரு படைப்பின் மீதான பொதுக்கருத்தை ஒரு நகைச்சுவைக் கதை எவ்வளவு ஆழமாக உருவாக்கும் என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

1974 மே மாதத்தில் வேக்மன் குழுவை விட்டு விலகினார். அதே நேரத்தில் அவருடைய தனித்தொகுப்பான ஜர்னி டு தி சென்டர் ஆஃப் தி எர்த் இங்கிலாந்துப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அதுவும் ஜூல் வெர்னின் நாவலை இசையாக்கிய ஒரு கருப்பொருள் தொகுப்பு. எனவே பெருவடிவத்தின் மீது அவருக்கு வெறுப்பு இருந்ததாகச் சொல்ல முடியாது. யெஸ் குழு பேட்ரிக் மொராஸைச் சேர்த்துக்கொண்டு அவ்வாண்டு இறுதியில் ரிலேயர் தொகுப்பை வெளியிட்டது. அதில் ஒரு பக்க நீளமுள்ள படைப்பு ஒன்றுதான். குழு மீண்டும் ஒற்றை இசைத்தட்டுக்குத் திரும்பியிருந்தது.

ஸ்டீவ் ஹவ் இத்தொகுப்பைத் தொடர்ந்து ஆதரித்துவந்திருக்கிறார். உருவாக்கிய இருவருள் ஒருவருடைய பற்றும், உள்ளே வந்து தன் இடத்தைக் காணாத ஒருவருடைய கசப்பும் ரசிகர்களின் இரு முகாம்களுக்கும் அடையாளங்களாயின.

பங்க் காலமும் அவப்பெயரும்

1976-77-இல் இங்கிலாந்தில் பங்க் ராக் எழுந்தது. குறுகிய பாடல், எளிய இசை, நேரடியான கோபம் ஆகியவை அதன் அடையாளங்கள். வேலையின்மையும் விலைவாசி உயர்வும் இங்கிலாந்து இளைஞர்களை நெருக்கிய காலம் அது. கண்ணாடியிழைச் சிற்பங்களுக்கு நடுவே நின்று சாத்திரம் பாடும் இசைக்குழு அவர்களுடைய தெருவிலிருந்து மிகத் தொலைவில் இருந்தது. புதிய தலைமுறை இதழாளர்கள் புரோகிரசிவ் ராக்கின் ஆடம்பரத்துக்கு உதாரணம் தேடியபோதெல்லாம் டோபோகிராஃபிக் ஓஷன்ஸ் முதலில் கைக்கு வந்தது. நாளடைவில் இப்பெயர் கேட்டுத் தீர்ப்புச் சொல்லும் படைப்பு என்பதிலிருந்து, கேளாமலே சிரிக்கும் பழிச்சொல்லாக மாறியது.

இருப்பினும் பங்க் வந்ததும் ரசிகர்கள் யெஸ் குழுவைக் கைவிட்டனர் என்ற பொதுவான சித்திரம் சரியன்று. வேக்மன் திரும்பிவந்து சேர்ந்த கோயிங் ஃபார் தி ஒன் 1977-இல் இங்கிலாந்துப் பட்டியலில் முதலிடம் பெற்றது. பங்கின் உச்ச ஆண்டில் நடந்தது இது. இதழ்களின் வரலாறு வேறு, கேட்பவர்களின் வரலாறு வேறு என்பதை இது மீண்டும் காட்டுகிறது.

கேட்பவர்களின் வாதங்கள்

ஐம்பது ஆண்டுகளாக ரசிகர்களிடையே நடக்கும் விவாதத்தில் நான்கு கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன.

முதலாவது நீளம். ஒரே இசைத்தட்டாகச் சுருக்கியிருந்தால் இது பெரும்படைப்பாகியிருக்கும் என்பவர்கள் ஒருபுறம். நீளமே இதன் இயல்பு, மெதுவாக வந்து போகும் இசைக்கருக்கள் நான்கு பக்கங்களிலும் திரும்ப ஒலிப்பதை உணர அந்த நேரம் தேவை என்பவர்கள் மறுபுறம். இசைத்தட்டின் பக்கம் ஒன்றில் ஏறத்தாழ 20 நிமிடங்களே நல்ல தரத்தில் பதிய முடியும். பள்ளங்கள் நெருங்க நெருங்க ஒலியளவு குறையும். ஆகவே நான்கு படைப்புகளின் நீளமும் கலையின் தேவையால் மட்டும் அமையவில்லை. தட்டின் அளவும் அதில் பங்கேற்றது. இடத்தை நிரப்ப இசையை நீட்டினார்கள் என்ற வேக்மனின் வாதத்துக்கு வலுச்சேர்க்கும் செய்தி இது.

இரண்டாவது பாடல் வரிகள். ஆண்டர்சனின் வரிகள் நேரான பொருள் தருவதில்லை. சாத்திரங்களைப் பற்றி அறிந்துகொள்ள விரும்பிக் கேட்பவர் ஏமாற்றமடைவார். சொற்களை அவர் பொருளுக்காக மட்டுமன்றி ஓசைக்காகவும் தேர்ந்தார் என்று ஆதரவாளர்கள் விடையளிப்பர். கருப்பொருளை அறிவித்துவிட்டு அதை விளக்காமல் விடுவது நேர்மையா என்பது எதிர்ப்பாளர்களின் கேள்வி.

மூன்றாவது பக்கங்களுக்கு இடையிலான தரவேறுபாடு. எதிர்ப்பாளர்களிலும் பலர் முதல், நான்காம் பக்கங்களை ஏற்கின்றனர். இரண்டாம், மூன்றாம் பக்கங்களே சோர்வூட்டுகின்றன என்பது பரவலான கருத்து. ஆனால் நெடுநாள் ரசிகர்களிடம் இரண்டாம் பக்கத்துக்குத் தனி அன்பு உண்டு. அவசரமின்றிக் கேட்டால்தான் அது திறக்கும் என்பர். மூன்றாம் பக்கத்தின் இறுதிப் பாடலைப் பழிப்பவர் மிகக் குறைவு.

நான்காவது, இன்னொரு மதத்தின் நூல்களை இப்படிக் கையாளலாமா என்பது. ஓர் அடிக்குறிப்பைப் படித்து நான்கு சாத்திரங்களையும் இசையாக்க முனைவது மேலோட்டமானது என்று சிலர் கருதுகின்றனர். ஆண்டர்சன் அறிஞராகத் தன்னை முன்வைக்கவில்லை, கேட்டதும் நினைத்ததும் பழையதும் சடங்கும் மனிதருக்கெல்லாம் பொதுவானவை என்று கண்டார் என்பது மறுதரப்பு. சூரியனின் பெயர்களைப் பல மொழிகளில் பாடியதையும், அட்டையில் மாயன் கோயிலையும் நாஸ்காவையும் வைத்ததையும் இதற்குச் சான்றாகக் காட்டலாம்.

மறுமதிப்பீடு

குழு இத்தொகுப்பை முற்றாக மறக்கவில்லை. ரிச்சுவல் 1976-ஆம் ஆண்டு நிகழ்ச்சிகளிலும் இடம்பெற்றது. அதன் நேரடிப் பதிவு 1980-இல் வெளிவந்தது. 1996-இல் வேக்மனும் சேர்ந்திருந்த பழைய அணி மீண்டும் கூடியபோது, அவர்கள் மேடைக்குத் தேர்ந்த படைப்புகளில் தி ரிவீலிங் சயின்ஸ் ஆஃப் காட் ஒன்று. 2016-இல் அமெரிக்கப் பயணத்தில் முதல், நான்காம் பக்கங்களும் மூன்றாம் பக்கத்தின் இறுதிப் பாடலும் இசைக்கப்பட்டன. ரசிகர்களின் நெடுங்காலத் தேர்வும் குழுவின் தேர்வும் ஒன்றாயிருந்தது கவனிக்கத்தக்கது.

ஆய்வாளர்களும் திரும்பிப் பார்த்தனர். தத்துவப் பேராசிரியர் பில் மார்ட்டின் 1996-இல் யெஸ் இசை குறித்துத் தனிநூல் எழுதினார். 1960-களின் கற்பனாலட்சியக் கனவை இசையில் தொடர்ந்த குழு என்று அவர் யெஸ் குழுவை வாசித்தார். கேலிக்குரிய ஆடம்பரம் என்ற பார்வைக்கு அது மாற்றாக அமைந்தது.

கேட்கும் வடிவமும் மாறியது. 81 நிமிடங்கள் ஒரே குறுந்தட்டில் அடங்காததால் குறுந்தட்டுக் காலத்திலும் இது இரட்டைத் தொகுப்பாகவே வந்தது. ஆனால் பக்கம் புரட்ட எழவேண்டியதில்லை. 2003-ஆம் ஆண்டு மறுவெளியீட்டில், முதல் படைப்பின் தொடக்கத்தில் முன்பு வெட்டப்பட்டிருந்த ஏறத்தாழ இரண்டு நிமிட முன்னிசை சேர்க்கப்பட்டது. மிக நீளம் என்று பழிக்கப்பட்ட படைப்பு, மறுவெளியீட்டில் இன்னும் நீண்டது. ரசிகர்களில் பலர் அதை மகிழ்ச்சியோடு ஏற்றனர். 2016-இல் இசைக்கலைஞர் ஸ்டீவன் வில்சன் மூல ஒலிநாடாக்களிலிருந்து புதிய கலவையை உருவாக்கினார். இசைத்தட்டில் கலங்கிக் கிடந்த வாத்தியங்கள் பிரிந்து கேட்டதால், பழைய குறைகளில் சில ஒலிக்கலவையின் குறைகளே என்று கருதுவோரும் உருவாயினர்.

மதிப்பீடு

இத்தொகுப்பைப் பற்றிய கருத்துகள் ஒரே இசையைப் பற்றியவை அல்ல. 1973-இல் அரங்கில் அமர்ந்தவர் கேட்டது, அறியாத இசையின் இடைவிடாத ஓட்டத்தை. இதழாளர் கேட்டது, வாரக் கெடுவுக்குள் தீர்ப்பு கோரிய ஒரு பொருளை. வீட்டில் இருந்த ரசிகர் கேட்டது, 20 நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து புரட்ட வேண்டிய நான்கு தனித்தனி உலகங்களை. பங்க் தலைமுறை கேட்டது பெரும்பாலும் அதன் பெயரை மட்டுமே. 2016-க்குப் பின் வந்தவர் கேட்பது, தெளிவுபடுத்தப்பட்ட புதிய ஒலியை.

வேக்மனின் குறை இன்றும் பொருளுடையது. இடத்தை நிரப்ப நீட்டிய பகுதிகள் தொகுப்பில் உள்ளன என்பதைத் தீவிர ரசிகர்களிலும் பலர் ஒப்புக்கொள்வர். ஆனால் அளவாக, பாதுகாப்பாகச் செய்யப்பட்ட எத்தனையோ தொகுப்புகள் மறக்கப்பட்டுவிட்டன. இது மறக்கப்படவில்லை. தன் கையின் எல்லைக்கு அப்பால் எட்டிப் பார்த்த படைப்பு என்பதே இதன் குறையும் நிறையும். சுருதி, ஸ்மிருதி என்ற சொற்களின் பொருள் கேட்டது, நினைவில் நின்றது என்பவை. அவற்றைத் தலைப்பாக ஏற்ற ஒரு தொகுப்பு, எவ்வாறு கேட்கப்பட்டது, எவ்வாறு நினைவில் நின்றது என்பதாலேயே வரலாற்றில் அறியப்படுகிறது.